தென்னார்க்காட்டில் துணி விற்பனை முறைகளின் வரலாறு

தென்னார்க்காட்டில் துணி விற்பனை முறைகள் என்பது, இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதிகளில் நெய்யப்பட்ட துணி கடந்த நான்கு நூற்றாண்டுகளில் எந்தெந்த ஏற்பாடுகளின் வழியாக வாங்குவோரைச் சென்றடைந்தது என்பதைக் குறிக்கும். முன்பண ஒப்பந்தம், வணிகர்களின் கூட்டுப்பங்கு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடிக் கொள்முதல், ஆலைகளின் விற்பனை முகவர் முறை, மாஸ்டர் வீவர் முறை, கூட்டுறவுச் சங்கம் ஆகியன இவற்றுள் முக்கியமானவை.

இம்முறைகளை ஒப்பிட மூன்று கேள்விகள் உதவும். நூல் வாங்கவும் நெய்யும் காலத்தில் சாப்பிடவும் தேவையான பணத்தை யார் போட்டார்? துணியின் தரத்தையும் விலையையும் யார் தீர்மானித்தார்? விற்காமல் நின்ற துணியின் இழப்பு யார் தலையில் விழுந்தது? இவற்றுக்கான விடை மாறியபோதெல்லாம் நெசவாளரின் வாழ்வும் மாறியது.

நிலப்பகுதியும் துறைமுகங்களும்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் மணிமுத்தாற்றின் கரையில் உள்ளது. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. பரங்கிப்பேட்டையை ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்று அழைத்தனர். அதற்கு வடக்கே கடலூரும் தேவனாம்பட்டினமும் அமைந்துள்ளன. உள்நாட்டு ஊர்களில் நெய்த துணி இந்தத் துறைமுகங்களின் வழியாகவே கடல் கடந்தது.

இப்பகுதியில் டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வணிகம் செய்தனர். ஆங்கிலேயர் 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கி, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். பீரங்கிக் குண்டு சென்று விழுந்த தொலைவு வரை உள்ள ஊர்கள் கோட்டையுடன் சேர்ந்தன என்பதால் அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதை அடுத்து, 1746 முதல் 1752 வரை ஆங்கிலேயரின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாக இக்கோட்டையே இருந்தது. வடக்கே புதுச்சேரி பிரெஞ்சுக்காரரின் தலைமையிடமாக இருந்தது. ஆகவே சில மணி நேரப் பயணத் தொலைவுக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஐரோப்பிய நாட்டினர் துணி வாங்கக் காத்திருந்தனர். இது நெசவாளருக்கு எவ்வளவு பெரிய பலம் என்பது பின்னர் விளங்கும்.

நெய்பவரும் விற்பவரும்

தமிழகத்தில் துணி விற்பது மிகப் பழைய காலத்திலேயே தனித் தொழிலாகிவிட்டது. சங்கப் புலவர் ஒருவரின் பெயர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி. எனவே அறுவை வாணிகன் என்பது துணி வணிகரைக் குறிக்கும்.

நெய்பவர் தாமே விற்காததற்குக் காரணங்கள் உண்டு. கைத்தறி நெசவு ஒரு குடும்பத்தின் முழுநேர வேலை. நூலைப் பிரித்துப் பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, இழை பிணைப்பது, ஊடைக்குத் தார் சுற்றுவது என்று வீட்டிலுள்ள அனைவரும் உழைத்தால்தான் தறி நிற்காமல் ஓடும். துணியைத் தோளில் சுமந்து சந்தைக்குப் போகும் நாளில் தறி சும்மா கிடக்கும். உள்ளூரில் விலைபோகும் சாதாரணப் புடவையையும் வேட்டியையும் நெசவாளரே வாரச் சந்தையில் விற்றுவிடலாம். தொலைநாட்டுக்குப் போகும் துணிக்கு அங்குள்ள விருப்பமும் அளவும் நிறமும் தெரிய வேண்டும். பல மாதங்கள் பணத்தை முடக்கிவைக்கவும் முடிய வேண்டும். இந்த இரண்டும் வணிகரிடமே இருந்தன.

முன்பண ஒப்பந்தம்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஏற்றுமதித் துணி பெரும்பாலும் முன்பண முறையில் வாங்கப்பட்டது. நீளத்துணி, சேலம்பூர், மூரி, மெல்லிய மஸ்லின் வகைகள், கட்டம்போட்ட துணிகள் எனப் பல வகைகள் அன்று ஏற்றுமதியாயின. நீளத்துணி என்பது 30 கஜத்துக்கும் மேல் நீளமுள்ள பருத்தித் துணி. தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் மிளகு, கிராம்பு போன்றவற்றை வாங்குவதற்குச் சோழமண்டலத் துணியே பணம்போலப் பயன்பட்டது. நீலச் சாயமிட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்றது. அங்கு அது அடிமை வணிகத்திலும் பண்டமாற்றாகக் கொடுக்கப்பட்டது.

முன்பண முறை பின்வரும் படிகளில் நடந்தது.

1. கம்பெனியின் அதிகாரிகள் வணிகரை அழைத்து மாதிரித் துணியைக் காட்டுவர். வகை, நீளம், அகலம், இழை நெருக்கம், எண்ணிக்கை, விலை ஆகியவை ஒப்பந்தமாகும். இழை நெருக்கம் புஞ்சம் என்ற கணக்கால் குறிக்கப்பட்டது.
2. வணிகர் முன்பணத்தை வராகனாகப் பெற்று, தரகர் வழியாகவோ தலைமை நெசவாளர் வழியாகவோ ஊர்களுக்கு அனுப்புவார்.
3. நெசவாளர் அந்தப் பணத்தில் நூல் வாங்கி நெய்து கொடுப்பார்.
4. கிடங்கில் துணிகள் மாதிரியோடு ஒப்பிடப்பட்டு முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எனப் பிரிக்கப்படும். தரம் இறங்கினால் விலையும் இறங்கும். எந்தத் தரத்திலும் சேராதது கழிவாகத் திருப்பித் தரப்படும்.
5. தேறிய துணி சலவைக்கும் சாயத்துக்கும் போய், சிப்பமாகக் கட்டப்பட்டுக் கப்பலேறும்.

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இக்கரையில் கப்பல்கள் நிற்க இயலாது. ஆகையால் கப்பல் புறப்படும் நாளுக்குள் சிப்பங்கள் ஆயத்தமாக வேண்டும் என்ற நெருக்கடி வாங்குவோருக்கு எப்போதும் இருந்தது.

இம்முறையில் முன்பணம் வாங்குவோருடையது. ஆனால் நெசவாளர் கைகட்டி நிற்கவில்லை. வேறு வணிகர் கூடுதல் விலை கொடுத்தால், பெற்ற முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலக அவரால் முடிந்தது. தேறாத துணியை மற்றொருவருக்கு விற்கவும் வழி இருந்தது. நெருக்கடி மிகுந்தால் குடும்பத்தோடும் தறியோடும் அடுத்த ஆட்சிப் பகுதிக்குக் குடிபெயர்ந்துவிடுவர். நெசவாளர் குடியேறினால் வரியும் வணிகமும் பெருகும் என்பதால் எந்த ஆட்சியாளரும் அவர்களை வரவேற்றனர். அரிசி விலையும் பஞ்சு விலையும் ஏறியபோது துணி விலையையும் ஏற்றித் தரும்படி அவர்களால் கேட்க முடிந்தது.

எடுத்துக்காட்டாக, ஒரு நெசவாளர் 20 துணிகளுக்கு முன்பணம் பெற்றிருக்கிறார் என்று கொள்வோம். கிடங்கில் 15 தேறுகின்றன, 5 தள்ளப்படுகின்றன. பக்கத்துத் துறைமுகத்தில் வேறொரு வணிகர் இருந்தால் அந்த 5 துணிகளையும் அங்கே விற்று, மிச்ச முன்பணத்தை அவர் அடைத்துவிடலாம். வேறு வணிகரே இல்லையென்றால் அந்த 5 துணிகளின் மதிப்பு அவர் மீது கடனாக ஏறும். அடுத்த ஒப்பந்தம் கடனோடுதான் தொடங்கும். துணி அதேதான். சந்தையில் எத்தனை பேர் வாங்க வந்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

வணிகர்களின் கூட்டுப்பங்கு

முன்பணம் வாங்கிய வணிகர் நொடித்துப்போனால் கம்பெனிக்கு இழப்பு. அதைத் தவிர்க்க, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் உள்ளூர் வணிகர்களைக் கூட்டுப்பங்கு அமைப்புகளாகச் சேர ஊக்குவித்தனர். பலர் முதல் போட்டு ஒரே குழுவாக ஒப்பந்தம் செய்வர். ஒருவரின் பாக்கிக்குக் குழு முழுவதும் பொறுப்பேற்கும். சென்னையில் 1680இல் இறந்த காசி வீரண்ணா தலைமையிலான குழு இவற்றுள் புகழ்பெற்றது. கடலூர்ப் பகுதியிலும் இத்தகைய வணிகர் குழுக்கள் செயல்பட்டன.

ஐரோப்பியருக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே துபாஷிகள் நின்றனர். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். புதுச்சேரியில் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வருகை, துணி ஒப்பந்தம், விலைப் பேச்சு, வணிகர்களின் போட்டி ஆகியவை விரிவாக உள்ளன. அன்றைய துணி வணிகத்தைத் தமிழர் ஒருவரின் கண் வழியாக அறிய இது சிறந்த சான்றாகும்.

கம்பெனியின் நேரடிக் கொள்முதல்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகராக மட்டும் இல்லாமல் ஆட்சியாளராகவும் வளர்ந்தது. பிரெஞ்சுக்காரரின் வலிமை குறைந்தது. சென்னை ஆட்சிக்குழுவில் 1769 முதல் 1772 வரை இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் ஏற்றுமதிக் கிடங்கின் பொறுப்பை வகித்தார். இடைநிலை வணிகரை நீக்கி, கம்பெனியின் குமாஸ்தாக்கள் நெசவாளருக்கு நேரடியாக முன்பணம் கொடுக்கும் முறை அவர் காலத்தில் முன்னெடுக்கப்பட்டது.

இடைத்தரகர் நீங்கினால் நெசவாளருக்கு இலாபம் என்று தோன்றலாம். நடந்தது வேறு. வணிகரின் இடத்தில் சேவகர்களைக் கையில் வைத்திருந்த ஓர் அரசு வந்து நின்றது. கம்பெனிக்கு நெய்யும் தறியில் பிறருக்கு நெய்யக்கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. முன்பணத்தைத் திருப்பித் தந்து விலகும் வழி அடைக்கப்பட்டது. ஊரை விட்டுப் போனாலும் அடுத்த ஊரும் கம்பெனியின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகவே இருந்தது. 1770களில் கடலூர்ப் பகுதி நெசவாளர் இம்முறையை எதிர்த்தனர். வேலையை நிறுத்துவது, கூட்டமாக ஊரை விட்டு வெளியேறுவது ஆகியவை அவர்களின் எதிர்ப்பு வழிகள்.

1801இல் கர்நாடக நவாபின் நிலப்பகுதிகள் முழுவதும் கம்பெனி வசமாயின. அதன்பின் இப்பகுதியில் வாங்குபவரும் ஆள்பவரும் ஒருவரே ஆயினர். 1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் கம்பெனியின் இந்திய வணிகத் தனியுரிமையை நீக்கியது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வணிகத்தையே நிறுத்தியது. அதற்குள் இங்கிலாந்தின் இயந்திரத் துணி உலகச் சந்தையைப் பிடித்திருந்தது. நெசவாளரைக் கட்டிவைத்த முன்பணம் நின்றது. ஏற்றுமதியும் அதனுடன் பெரிதும் சுருங்கியது.

ஆலைத் துணியும் விற்பனை முகவர்களும்

19ஆம் நூற்றாண்டில் துணி செல்லும் திசை மாறியது. சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் இங்கிலாந்துத் துணியையும் நூலையும் இறக்குமதி செய்தன. மொத்த வணிகர் அவற்றைக் கடனுக்கு வாங்கி உள்ளூர் ஜவுளிக்கடைகளுக்கு அனுப்பினர். இருப்புப்பாதை வந்தபின் அந்தத் துணி உள்ளூர்ச் சந்தை வரை மலிவாக வந்து சேர்ந்தது.

பின்னர் இந்தியாவிலேயே ஆலைகள் தோன்றின. சென்னையில் பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் நிறுவப்பட்டன. இவை 1920இல் இணைந்தன. இவற்றைப் பின்னி நிறுவனம் நிருவாக முகவராக நடத்தியது. நிருவாக முகவர் முறையில் ஆலையின் பங்குதாரர் பலராக இருந்தாலும் நடத்தும் பொறுப்பு ஒரு நிறுவனத்திடம் இருக்கும். அந்த நிறுவனத்துக்குப் பெரும்பாலும் இலாபத்திலோ உற்பத்தியிலோ விற்பனையிலோ ஒரு விழுக்காடு தரகாகக் கிடைக்கும். ஆலையிலிருந்து மொத்த வணிகர், அவரிடமிருந்து சில்லறைக் கடை என்ற சங்கிலி உறுதிப்பட்டது. துணியின் மீது ஆலையின் முத்திரை குத்தப்பட்டது. வாங்குபவர் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல் முத்திரையை நம்பி வாங்கலாயினர். இந்தியாவில் நிருவாக முகவர் முறை 1970இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

கைத்தறி நெசவாளருக்கு இத்தகைய முத்திரை எதுவும் இல்லை. ஒரே ஊரில் நூறு தறிகளில் நெய்த துணி நூறு விதமாக இருக்கும். அதை ஒன்றுசேர்த்துத் தரம் பார்த்து விற்க ஒருவர் தேவைப்பட்டார்.

மாஸ்டர் வீவர் முறை

அந்த இடத்தை மாஸ்டர் வீவரும் நூல் வணிகரும் நிரப்பினர். ஆலை நூல் பரவியபின் நெசவாளர் நூலைக் கடைக்காரரிடமே வாங்க வேண்டியிருந்தது. கையில் பணம் இல்லாதவருக்கு நூல் கடனாகக் கிடைத்தது. நெய்த துணியை அதே கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும். நூலின் விலையையும் துணியின் விலையையும் அவரே சொல்வார். நாளடைவில் பல நெசவாளர் துணிக்கு உரிமையாளராக இல்லாமல் கூலி நெசவாளராயினர். பாவும் ஊடையும் முதலாளியுடையவை. தறியும் உழைப்பும் நெசவாளருடையவை. ஒரு பாவு அறுத்துக் கொடுத்தால் இவ்வளவு கூலி என்று கணக்கு.

இம்முறையில் விற்காத துணியின் இழப்பு முதலாளிக்கு என்பது உண்மை. ஆனால் விற்பனை மந்தமானால் அடுத்த பாவு கிடைக்காது. தறி ஓயும், கூலியும் நிற்கும். இழப்பு வேலையின்மையாக நெசவாளரிடமே திரும்பி வந்தது. கைலி, லுங்கி முதலியவை இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்க்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போரில் அந்தச் சந்தைகள் மூடப்பட்டதும் இது தெளிவாகத் தெரிந்தது. பொருளியல் அறிஞர் பி. ஜே. தாமஸ் தலைமையில் அமைந்த கைத்தறி, ஆலை உண்மையறியும் குழு 1942இல் அளித்த அறிக்கை, தனித்து நெய்வோர், மாஸ்டர் வீவரிடம் நெய்வோர், தொழிற்கூடத்தில் கூலிக்கு நெய்வோர் எனப் பல நிலைகளில் நெசவாளர் இருந்ததை விளக்குகிறது.

கூட்டுறவு முறை

மாஸ்டர் வீவர் செய்யும் வேலையை நெசவாளரே கூடிச் செய்தால் என்ன என்ற எண்ணமே கூட்டுறவுச் சங்கத்தின் அடிப்படை. ஊர்தோறும் தொடக்கச் சங்கம் நூலை மொத்தமாக வாங்கி உறுப்பினருக்குக் கொடுக்கும். துணியைத் தரம் பார்த்துப் பெற்றுக் கூலி தரும். விற்பனைக்கென ஒரு தலைமைச் சங்கம் 1935இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதுவே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரால் அறியப்படும் தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். ஆலைகளுக்கு இருந்த முத்திரை கைத்தறிக்கும் இதனால் கிடைத்தது. வண்ணத்துப்பூச்சிச் சின்னம் அதன் அடையாளம். சென்னிமலை போன்ற ஊர்களில் வலிமையான தொடக்கச் சங்கங்கள் வளர்ந்தன. கடலூர் மாவட்டத்தில் கைலிக்குப் பெயர்பெற்ற குறிஞ்சிப்பாடியிலும் பட்டு நெசவு நடக்கும் புவனகிரியிலும் கூட்டுறவும் தனியார் முதலாளிகளும் அருகருகே இயங்கி வந்துள்ளன.

கூட்டுறவு முறையில் முதல் போடுவது சங்கம், கூட்டுறவு வங்கி, அரசு ஆகிய மூன்றும். விலையைச் சங்கம் தீர்மானிக்கிறது. விற்காத துணி சங்கத்தின் கிடங்கில் தேங்குகிறது. தேக்கம் மிகுந்தால் தொடக்கச் சங்கத்துக்கு வர வேண்டிய பணம் தாமதமாகும். உறுப்பினருக்கு நூல் கொடுப்பதும் குறையும். ஆகவே உற்பத்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் விற்பனைதான் சங்கத்தைக் காக்கிறது.

1953: தெருவில் கைத்தறி

1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி பெருமளவு தேங்கியது. நெசவாளர் குடும்பங்கள் வறுமையில் வாடின. அப்போது சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசாசி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். எதிர்க்கட்சியான திராவிட முன்னேற்றக் கழகத்தின் தலைவர்கள் 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றனர். திருச்சியில் அண்ணாதுரை விற்றார். மக்கள் திரண்டு வாங்கினர். கொள்கையில் எதிரெதிராக நின்ற இரு தரப்பினரும் நெசவாளரின் தேவை ஒன்றே, அது சந்தை, என்பதில் ஒத்திருந்தனர்.

அதே ஆண்டில் நடுவண் அரசு ஆலைத் துணிக்குக் கஜத்துக்கு 3 பை (அன்றைய கணக்கில் 192 பை ஒரு ரூபாய்) கூடுதல் தீர்வை விதித்தது. அத்தொகை கதர், கைத்தறி வளர்ச்சிக்கும் கைத்தறித் துணிக்கான விலைத் தள்ளுபடிக்கும் பயன்பட்டது. தீபாவளிக் காலத்தில் இன்றும் அறிவிக்கப்படும் கைத்தறித் தள்ளுபடிக்கு இத்தகைய திட்டங்களே முன்னோடி. 1985இல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கும் சட்டமும் வந்தது.

அரசே வாங்குபவராக

1983இல் தமிழக அரசு பொங்கலுக்கு ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஏழைகளுக்கு உடை, நெசவாளருக்கு வேலை என இரண்டும் இதன் நோக்கங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உறுதியான கொள்முதல் இருப்பதால் தறிகள் ஓடுகின்றன. ஆனால் கம்பெனிக் காலத்தைப் போலவே பெரிய வாங்குபவர் ஒருவரையே நம்பியிருக்கும் நிலையும் இதில் உண்டு. கம்பெனி இலாபத்துக்காக வாங்கியது, அரசு நலத்துக்காக வாங்குகிறது என்பது முக்கிய வேறுபாடு. எனினும் கொள்முதல் தாமதமானால் கூலியும் தாமதமாகும் என்ற நிலை மாறவில்லை.

முறைகளின் ஒப்பீடு

- முன்பண ஒப்பந்தம்: பணம் வணிகருடையது. தரம் கிடங்கில் முடிவாகும். வாங்குவோர் பலர் இருந்தவரை நெசவாளருக்குப் பேரம் பேசும் வலிமை இருந்தது.
- கூட்டுப்பங்கு: வணிகரின் இழப்பு குழுவிடையே பகிரப்பட்டது. நெசவாளரின் நிலை பெரிதாக மாறவில்லை.
- கம்பெனியின் நேரடிக் கொள்முதல்: இடைத்தரகர் இல்லை. விலகிச் செல்லும் உரிமையும் இல்லை.
- ஆலை முகவர் முறை: முத்திரையால் நம்பிக்கை வளர்ந்தது. கைத்தறிக்குப் போட்டி கூடியது.
- மாஸ்டர் வீவர் முறை: நூலும் துணியும் முதலாளியுடையவை. மந்தக் காலத்தில் தறி ஓயும்.
- கூட்டுறவு: உரிமை உறுப்பினருடையது. விற்பனைத் தேக்கமே முதன்மைச் சிக்கல்.

இன்றைய நிலை

இன்று பெரிய ஜவுளிக்கடைகள், ஈரோடு போன்ற ஊர்களின் வாராந்தரச் ஜவுளிச் சந்தைகள், கண்காட்சிகள், இணைய விற்பனை ஆகியவற்றின் வழியாகக் கைத்தறித் துணி விற்கப்படுகிறது. கைத்தறி என்ற பெயரில் விசைத்தறித் துணி விற்கப்படுவது நெசவாளருக்குப் பெரும் இடையூறாக உள்ளது.

அண்மைக் காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் சில சேலைகளுடன் அவற்றை நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்து விற்கிறது. தேவனாம்பட்டினத்துக் கிடங்கில் சிப்பமாகக் கட்டப்பட்ட துணியில் நெய்தவரின் பெயர் சேர்ந்து சென்றதில்லை. அட்டை ஒன்றால் கூலி உயர்ந்துவிடாது. ஆயினும் துணியை வாங்குபவர் யாருடைய உழைப்பை வாங்குகிறார் என்பதை அது தெரியப்படுத்துகிறது.